கண் சோர்வுக்குச் சொட்டு மருந்து: எதை எத்தனை நாள் போடலாம்?

மெடிக்கல் ஷாப்பில் போய் "கம்ப்யூட்டர் பார்த்துக் கண் எரியுது, ஒரு டிராப்ஸ் கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்று கைக்கு வரும். ஒன்றை வருடக்கணக்கில் போடலாம். இன்னொன்றை மூன்று நாளைக்கு மேல் போடக்கூடாது. மூன்றாவதைக் கண் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. மூன்றுமே பெரும்பாலும் ஒரே மாதிரி சின்ன பாட்டிலில் வருவதுதான் சிக்கல். எனவே பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

முதல் வகை செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹயலுரோனேட் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. கண்ணீர்ப் படலம் காய்கிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. அந்த வறட்சிக்குச் சரியான மருந்து இதுதான். கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸிலேயே 1 சதவீதம் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். போட்டதும் சில நிமிடம் பார்வை மங்கும் என்பதால் இரவில் படுக்கும் முன் போட்டால் போதும். வண்டி ஓட்டும் முன் வேண்டாம்.

இதில் நீண்ட நாள் தொல்லை தருவது மருந்து இல்லை, பாட்டில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பதனப்பொருள். பென்சல்கோனியம் குளோரைடு என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். இது சோப்பு மாதிரி வேலை செய்து கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தைக் கலைக்கும். கருவிழியின் மேல்தோலையும் மெல்ல அரிக்கும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. மாதங்கள் போகப்போக, சொட்டு விழுந்த உடனே சுரீரென்று எரியும். எரிகிறதே என்று இன்னும் அடிக்கடி போடுவார்கள், எரிச்சல் கூடும். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் பதனப்பொருள் இல்லாத வகைக்கு மாறிவிடுவது நல்லது. விலை கூடத்தான், ஆனாலும் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பதனப்பொருள் இல்லை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, அது எதில் அடைபட்டிருக்கிறது என்பதும் முக்கியம். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்ட ஒரு செயற்கைக் கண்ணீர் சென்னை அருகே உள்ள ஆலையில் தயாரானது. பதனப்பொருள் இல்லாமல், பலமுறை திறந்து மூடும் பாட்டிலில் விற்கப்பட்டது. மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமித் தொற்றில் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தார்கள். ஒருமுறை கிள்ளிப் போட்டுத் தூக்கி எறியும் சிறு குப்பியாக வாங்குங்கள். அல்லது உள்ளே காற்றும் கிருமியும் திரும்பாதபடி வால்வு வைத்த பாட்டிலாக வாங்குங்கள். சிறு குப்பியில் மிச்சம் இருக்கிறதே என்று மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

இரண்டாவது வகை சிவப்பை நீக்கும் சொட்டு. நாபாசோலின், பினைல்எஃப்ரின், டெட்ராஹைட்ரோசோலின் என்ற பெயர்கள் இருக்கும். கூடவே ஜில்லென்று இருக்க மென்தாலும் கற்பூரமும். போட்ட சில நிமிடத்தில் கண் வெளுத்துவிடும். கண்ணின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வரும் வெளுப்பு அது. வறட்சி அப்படியே இருக்கும். சில மணி நேரத்தில் மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக விரியும். மறுபடி சிவப்பு, மறுபடி சொட்டு. இப்படியே சில வாரம் ஓடினால், மருந்து போடாவிட்டால் கண் எப்போதும் சிவந்தே இருக்கும் நிலைக்கு வந்துவிடும். 72 மணி நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டவர்கள் நிறுத்தினால் முதல் சில நாள் சிவப்பு இன்னும் மோசமாகத் தெரியும். பயந்து திரும்பப் போடாமல், குளிர்ந்த துணி ஒத்தடமும் பதனப்பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீருமாகத் தாக்குப்பிடியுங்கள். குறுகிய கோணக் குளுகோமா (கண்ணுக்குள் நீர் வடியும் வழி குறுகி அழுத்தம் ஏறும் நோய்) இருப்பவர்கள் இந்த வகையைத் தொடக்கூடாது. இன்னொன்று: சிறு குழந்தை இதை 1 அல்லது 2 மில்லி குடித்துவிட்டாலே மயக்கமும் மூச்சுத் திணறலும் வரலாம். மேஜை மேல் வைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே பயப்பட வேண்டியது: ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்று இருக்கும். பல பாட்டில்களில் ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தே வரும். அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. இரண்டே நாளில் எரிச்சல், அரிப்பு, சிவப்பு எல்லாம் போய்விடும் என்பதால் "எனக்கு இதுதான் கேட்கும்" என்று பழைய அட்டையைக் காட்டி வாங்குகிறவர்கள் நிறைய. சிலருக்குச் சில வாரங்களிலேயே கண் அழுத்தம் ஏறத் தொடங்கும். இயல்பான அளவு 10 முதல் 21 மி.மீ. பாதரசம். ஏறும்போது வலிக்காது, பார்வையும் மங்காது. ஓரப் பார்வை போன பிறகுதான் தெரியவரும், போனது திரும்பாது. கண்புரையும் சின்ன வயதிலேயே வரும். வெயில் காலத்தில் கண் அரிக்கும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இதையே வாங்கிப் போடும் பெற்றோர் தயவுசெய்து ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

போடும் முறையில் நடக்கும் பிழைகள் எல்லா வகைக்கும் பொது. கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி இடம் கிடைக்கும். சொட்டு அதில்தான் விழ வேண்டும், கருவிழி மேல் இல்லை. பாட்டில் முனை இமைமயிரில் பட்டால் அழுக்கு மருந்துக்குள் போய்விடும். ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிட அதிகம், இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்தில் இருக்கும் கண் மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்துங்கள். தொண்டையில் கசப்பு இறங்கினால் அழுத்தம் சரியாக விழவில்லை என்று அர்த்தம். இரண்டு மருந்து இருந்தால் நடுவே 5 முதல் 10 நிமிடம் இடைவெளி. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டுப் போட்டு, 15 நிமிடம் கழித்து மாட்டலாம்.

10 மில்லி பாட்டிலில் சுமார் 200 முதல் 250 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் தினம் நான்கு முறை என்றால் ஏறக்குறைய ஒரு மாதம் வரும். பத்து நாளில் தீர்ந்தால் வழிய விடுகிறீர்கள். இரண்டு மாதமாகியும் தீரவில்லை என்றால் அது போடத் தகுந்ததே இல்லை. திறந்த தேதியைப் பேனாவால் எழுதி, ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். காருக்குள்ளும் பைக் பெட்டியிலும் வைத்த பாட்டில் அதற்கும் முன்பே கெடும்.

ஒழுங்காகப் போட்டும் மாலையில் நெற்றி கனக்கிறது, எழுத்து இரட்டையாகிறது என்றால் அது வறட்சியாக இல்லாமல் இருக்கலாம். கண்ணாடிப் பவர், சிலிண்டர் பவர், நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் வைத்துப் படிப்பதற்கான பவர் இவற்றைப் பார்க்க வேண்டும். பவர் கோளாறு என்றால் எந்தச் சொட்டும் அதைத் தீர்க்காது. கண் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, விளக்கைச் சுற்றி வளையம், திடீர் மங்கல் இருந்தால் கையில் இருக்கும் சொட்டைப் போட்டுப் பார்க்காமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது இதுவரை போட்ட பாட்டில்களை அட்டையோடு எடுத்துப் போனால், எது எவ்வளவு நாள் உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார்.