என்எஃப்எல் கம்பைனின் பெஞ்ச் பிரஸ் சோதனை: ஒரு மதிப்பீடு

இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் கம்பைன் என்னும் தேர்வு முகாமில், கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் வலிமையை அளக்க அந்த விளையாட்டின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் நம்பிவந்த பெஞ்ச் பிரஸ் சோதனைக்கு, அதன் தகுதிக்கு மீறிய மதிப்பு தரப்படுகிறது என்பதே என் உறுதியான கருத்து. வீரர் பெஞ்சில் மல்லாந்து படுத்து, 225 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 102 கிலோ எடையை நிறுத்தாமல் எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணுகிறார்கள். முப்பது முறை தூக்குபவரிடம் நாம் காண்பது உச்ச வலிமையைவிட, மார்பும் தோளும் கைகளும் சோர்வைத் தாங்கும் திறனையே. கை நீளம் குறைந்தவருக்கு எடையை ஏற்றி இறக்கும் தூரமும் குறைவு; ஆனால் எதிராளியை எட்டவே நிறுத்துவதற்கு முன்வரிசையில் எதிராளியோடு மோதும் லைன்மேன்களிடம் நீண்ட கைகளைத்தான் அணிகள் தேடுகின்றன. களத்தில் உதவும் உடலமைப்பு இந்தச் சோதனையில் பாதகமாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டத்தில் தள்ளும் விசை தரையில் ஊன்றிய கால்களிலும் இடுப்பிலும் பிறக்கிறது. படுத்திருப்பவரிடம் அதை அளக்க வழியில்லை.

1999இல் 51 முறை தூக்கிய ஜஸ்டின் எர்னஸ்டை, கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. 2018இல் 14 முறை மட்டுமே தூக்கிய ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர், ஓட்டத்திலும் பின்தங்கியதால் மூன்றாம் சுற்று வரை காத்திருக்க நேர்ந்தது. அவரே பின்னர் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்குப் பலமுறை தேர்வாகி, கேன்சஸ் சிட்டி அணியுடன் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்றார். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்காக அவர் ஆடிய ஆட்டங்களின் பதிவுகள் அணிகளின் கைவசம் இருந்தபோதே இது நடந்தது என்பதுதான் வருத்தமளிக்கிறது. மறுபக்கம், 2014இல் 35 முறை தூக்கிய ஆரன் டொனால்ட் மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரரானார். ஆயினும் 285 பவுண்டு உடலோடு 40 கஜத்தை அவர் 4.68 விநாடியில் ஓடிக் கடந்ததே எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது.

சோதனையை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லைன்மேன் ஒருவரின் எண்ணிக்கை மிகவும் குறைந்தால், தோளில் காயம் உண்டா, பயிற்சியில் குறையா என்று விசாரிக்க அது தூண்டும். தர வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதே பிழை. அதே முகாமில் நடக்கும் நின்ற இடத்திலிருந்து தாண்டும் நீளத் தாண்டலும் உயரத் தாண்டலும், வீரரின் உடல் எடையோடு சேர்த்துப் பார்க்கும்போது, கால்களின் வெடிப்பு விசையை நேரடியாகக் காட்டுகின்றன. லைன்மேன்களைப் பொறுத்தவரை நான் முதலில் பார்ப்பது அந்த அளவுகளைத்தான்.