லெப்பர்ட் கெக்கோ முட்டைகளை வீட்டில் பொரிக்க எந்தப் பெட்டி நல்லது?

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி ஓர் ஈட்டுக்கு வழக்கமாக இரண்டு முட்டை இடும். ஈரமான மண்ணில் புதைத்துவிட்டுப் போய்விடும், அடைகாக்காது. வீட்டில் வளர்ப்பவர் அந்த முட்டைகளை எடுத்து அடை வைக்க மூன்று வழிகள் உண்டு. கோழி முட்டைக்கான இன்குபேட்டர் வாங்கலாம். தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி மீன்தொட்டி ஹீட்டரைப் போட்டு, முட்டை டப்பாவை நீருக்கு மேலே வைக்கலாம். அல்லது ஐஸ் பெட்டிக்குள் ஹீட் மேட்டையும் (சூடு தரும் விரிப்பு) தெர்மோஸ்டாட்டையும் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) பொருத்தலாம். நான் மூன்றாவதைத்தான் சிபாரிசு செய்வேன்.

காரணம் வெப்பநிலை. இந்தப் பல்லியில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அடைச்சூடுதான் முடிவு செய்கிறது. 26 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய எல்லாமே பெண். 32.5 வாக்கில் பெரும்பாலும் ஆண். 34ஐத் தாண்டினால் மறுபடியும் பெண்கள் கூடும், ஆனால் கருவே சாகும் அபாயமும் கூடும். ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் கடித்துக்கொள்ளும், ஆளுக்கொரு தொட்டி வேண்டும். அதனால் வீட்டில் வளர்ப்பவருக்கு 27 டிகிரிதான் நல்ல இலக்கு. குஞ்சு வர இரண்டு மாதம் போல ஆகும், பரவாயில்லை. அந்த 27ஐ இரவும் பகலும் விடாமல் பிடித்து வைக்கிற பெட்டிதான் நமக்கு வேண்டும்.

கோழி இன்குபேட்டர் இங்கேதான் சறுக்குகிறது. ஹோவாபேட்டர் போன்றவை ஊர்வன வளர்ப்பவர்களிடம் பிரபலம்தான், ஆனால் அவை 37.5 டிகிரிக்காகச் செய்யப்பட்டவை. பழைய மாடல்களின் திருகை 27க்கு இறக்கி நிறுத்துவதற்குள் பொறுமை போய்விடும். மின்விசிறி இல்லாத மாடலில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. முட்டையைத் தானாகப் புரட்டும் தட்டு இருந்தால் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இட்ட ஒரு நாளுக்குள் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் புரட்டினால் செத்துவிடும். பென்சிலால் மேல்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அதே நிலையில் மாற்றுங்கள்.

தண்ணீர்ப் பெட்டி செலவு குறைந்தது. கரண்ட் போனாலும் தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும், அது பெரிய பலம். ஆனால் மூடியில் வியர்த்த நீர் முட்டை மேல் சொட்டும், அதனால் மூடியைச் சாய்வாக வைக்க வேண்டும். நீர்மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கலாம். ஒரே ஒரு ஈடு என்றால் இதுவே போதும்.

ஐஸ் பெட்டியில் சூட்டைப் பிடிப்பது தெர்மோஸ்டாட். ஆகவே காசை அதில் போடுங்கள், பெட்டி பழையதாக இருந்தால் போதும். 'ஆன்-ஆஃப்' வகையில் சூடு ஏறி இறங்கும். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துத் தரும் புரோபோர்ஷனல் வகை கிட்டத்தட்ட அசையாது. உணரியை முட்டை டப்பாவுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் வையுங்கள். உள்ளே நாலைந்து தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் கரண்ட் இல்லாத நேரத்தையும் தாங்கும்.

இந்த மூன்றும் சூடாக்கத்தான் தெரிந்தவை. அறையே 30ஐத் தாண்டும் ஊரில் எதுவும் உதவாது. அங்கே ஏசி அறை வேண்டும், அல்லது குளிரவும் வைக்கும் சிறிய பெட்டி. கிரெஸ்டட் கெக்கோ என்ற இன்னொரு பல்லியை வைத்திருப்பவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. அதன் முட்டை 22 முதல் 25 டிகிரியில், அலமாரித் தட்டிலேயே பொரியும்.

டப்பாவுக்குள் எதை நிரப்புவது? பெர்லைட், வெர்மிகுலைட் இரண்டும் ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்கள். பெர்லைட்டை விட வெர்மிகுலைட் எனக்குப் பிடிக்கும், தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. எடைக்கு எடை தண்ணீர் கலந்து, முட்டையைப் பாதி புதையுங்கள். மூடிய டப்பாவை முதல் நாளே எடை போட்டுக் குறித்து வைத்தால், பிறகு குறைந்த எடை எவ்வளவோ அவ்வளவு தண்ணீரை ஓரமாக ஊற்றலாம், முட்டை மேல் படாமல். வாரம் ஒரு முறை மூடியைத் திறந்தால் காற்றும் மாறிவிடும்.