மல்ச்சிங் ஷீட் போட்ட தக்காளிக்கு உரம்: அடியிலா, சொட்டுநீரிலா?

பாத்தியை மூடும் இந்த பிளாஸ்டிக் ஷீட்டை விரித்த பிறகு மண் அணைத்து மேலுரம் வைக்க முடியாது. அதனால் சிலர் மொத்த உரத்தையும் அடியுரமாகப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஆள் கூலி மிச்சம்தான். ஆனால் இளம் நாற்றுக்கு அவ்வளவு யூரியா தேவையே இல்லை. சொட்டுநீர் கொஞ்சம் அதிகமாக ஓடினாலும் தழைச்சத்து வேருக்குக் கீழே இறங்கிவிடும், காய் பிடிக்கும்போது செடிக்குப் பற்றாமல் போகும்.

அதற்கு நேர்எதிர், முழுக்க 'ஆல் 19' (மூன்று சத்தும் 19 சதவீதம் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரம்) வாங்கி சொட்டில் விடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வீரிய ஒட்டுத் தக்காளிக்கு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து முறையே 200:250:250 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 80:100:100. இதில் 100 கிலோ சாம்பல்சத்தை 19:19:19 மூலம் கொடுக்க 526 கிலோ வேண்டும், அதாவது 25 கிலோ பையில் 21 பை! தழைச்சத்தும் 20 கிலோ கூடுதலாகப் போய்விடும்.

என் ஓட்டு, பிரித்துக் கொடுப்பதற்குத்தான். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. எனவே அதில் முக்கால் பங்கை, ஏக்கருக்குச் சுமார் 470 கிலோ சூப்பர் பாஸ்பேட்டாக, தொழுவுரத்தோடு பாத்தியிலேயே போட்டுவிடலாம். பல்கலைக்கழகமும் அப்படித்தான் சொல்கிறது. மீதி மணிச்சத்துக்கு 12:61:0 (மோனோ அம்மோனியம் பாஸ்பேட்) சுமார் 41 கிலோ, அப்புறம் யூரியா 163 கிலோ, வெள்ளைப் பொட்டாஷ் 167 கிலோ. இவற்றை மூன்று நாளுக்கு ஒருமுறை சொட்டில் பிரித்து விடலாம். நட்ட புதிதில் குறைவாக, பூ, காய் பருவத்தில் கூடுதலாக.

வெள்ளைப் பொட்டாஷில் ஒரு சிக்கல், அதில் இருக்கும் குளோரைடு. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) அல்லது 0:0:50 (பொட்டாசியம் சல்பேட்) உரத்துக்குச் செலவழிப்பது நியாயம்தான். நல்ல தண்ணீர் இருப்பவர் எதற்கு வீணாகச் செலவு செய்ய வேண்டும்? சிவப்புப் பொட்டாஷ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சொட்டுக்கு வேண்டாம், கசடு தங்கும்.

காயின் அடி கறுத்து அழுகினால் கால்சியம் நைட்ரேட் கொடுக்கலாம், ஆனால் தனி நாளில். 12:61:0 அல்லது 0:0:50 உடன் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து டிரிப்பரை அடைத்துவிடும். தண்ணீர் ஒருநாள் காய்ந்து ஒருநாள் ஊறினாலும் இதே அழுகல் வரும். அதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சொட்டுநீரில் உரத்தைக் கலந்துவிட உரத்தொட்டியா, வென்சுரியா (ஓடும் நீரின் வேகத்தால் உரக்கரைசலை உறிஞ்சும் குழாய்)? தொட்டியில் முதலில் கெட்டியாகப் போய் பிறகு நீர்த்துவிடும். வென்சுரி சீராக இழுக்கும், ஆனால் அழுத்தத்தைத் தின்னும். மோட்டார் பலவீனமென்றால் தொட்டிதான் சரி. எதுவானாலும் கடைசியில் வெறும் தண்ணீர் ஓட்டி லேட்டரலை (செடி வரிசையில் ஓடும் சொட்டுக் குழாயை) கழுவிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.