மாதிரி ஒன்று, வந்த சரக்கு வேறு: லேசர் கட்டிங்கை வெளியே கொடுக்கும் மாடல் ரயில் கிட் தயாரிப்பாளர்கள் கவனிக்க

மாடல் ரயிலுக்கான கட்டட கிட்டுகளைச் சிறிய அளவில் தயாரிக்கும் பலரிடம் சொந்த லேசர் மெஷின் இருக்காது. வரைபடம், பேக்கிங், விற்பனை மூன்றும் நம் கையில் இருக்கும். வெட்டும் வேலை ஜாப் ஒர்க்காக வெளியே போகும். நாங்கள் அப்படிக் கொடுத்தது எச்ஓ ஸ்கேலில் (1:87) ஒரு சரக்குக் கொட்டகை கிட், 200 செட். மாதிரி பிரமாதமாக வந்தது. ஒப்புதல் கொடுத்து, பாதிப் பணம் அட்வான்ஸாகவும், "பார்சல் ரெடி" என்றதும் மீதியும் கொடுத்தாயிற்று. வந்த சரக்கில் ஐந்து வெவ்வேறு கோளாறுகள். வெட்டியவர் யார் என்று இங்கே எழுதவில்லை. அதே வேலையை வேறு எவரும் செய்யலாம் என்பதால் என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதலில் பிளைவுட். சுவரின் உள்கூடு 1.5 மி.மீ. பிர்ச் பிளைவுட் என்று ஆர்டரிலேயே இருந்தது. மாதிரி அப்படித்தான் வந்தது. மொத்தச் சரக்கில் இருந்ததோ வேறு ஏதோ மென்மரப் பிளை. காலிப்பரில் வைத்தால் ஒரே ஷீட்டின் ஒரு மூலையில் 1.65, இன்னொரு மூலையில் 1.75. பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பூட்டும்போதுதான் தெரியும். 1.5 தடிமனுக்கு வரைந்த ஸ்லாட்டில் 1.7 தடிமன் நாக்கு நுழையாது. அரத்தால் தேய்த்து நுழைத்தாலும் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து உள்ளே 0.4 மி.மீ. இடத்தைத் தின்றுவிடும், தரைப் பலகை உட்காராது. "பிளைவுட்டில் இதெல்லாம் சகஜம்" என்று பதில் வந்தது. பிளைவுட்டில் தடிமன் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் ஷீட்டை வெட்டுவதற்கு முன் நான்கு மூலையும் நடுவும் அளக்க வேண்டும், 0.1 மி.மீ.க்கு மேல் மாறினால் ஃபைலில் ஸ்லாட் அகலத்தை மாற்ற வேண்டும். பொருளையே மாற்றிவிட்டு இயற்கையின் மேல் பழி போடக் கூடாது.

மட்டமான பிளையில் இன்னொரு சிக்கல் நடு அடுக்கு. அதில் முடிச்சோ, ஓட்டையை அடைத்த மக்கோ, பசைக் கட்டியோ இருந்தால் லேசர் அந்த இடத்தில் முழுதாக ஊடுருவாது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் வெட்டுக்கோடு அங்கங்கே மறைந்திருக்கும். வாடிக்கையாளர் அதைக் கையால் அழுத்திப் பிரிப்பார், நிலைச்சட்டத்தின் மூலை பிய்ந்து வரும். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டுக்கோடு முழுக்க ஒளி தெரிய வேண்டும்; பாகம் விழாமல் இருக்க நாமே விட்ட சிறு இணைப்புகளில் மட்டும் மறையலாம்.

இரண்டாவது, எங்களை அதிகம் எரிச்சல்படுத்தியது: மர ரேகையின் திசை. வெளிச்சுவர்த் தோல் 0.8 மி.மீ. பாஸ்வுட் மரத்தகடு. அதில் கிடைமட்டப் பலகை வரிகள் செதுக்கப்பட்டிருக்கும். ரேகை அந்தப் பலகைகளின் நீளவாக்கில் ஓட வேண்டும். மாதிரியில் அப்படித்தான் ஓடியது. மொத்தமாக வெட்டும்போது ஒரு ஷீட்டில் கூடுதல் பாகங்களை அடைக்க, பாகங்களை நெருக்கி அடுக்கும் நெஸ்டிங் சாஃப்ட்வேர் அவற்றை 90 டிகிரி திருப்பிவிட்டது. அல்லது யாரோ திருப்பினார்கள். ரேகை குறுக்கே போனதும் ஜன்னலுக்கு மேலும் கீழும் உள்ள மெல்லிய பட்டைகள் தொட்டாலே ஒடிகின்றன. ஸ்டெயின் அடித்தால் ஒவ்வொரு பலகையிலும் ரேகை நெட்டுக்குத்தாகத் தெரிகிறது, மரச்சுவர் என்ற தோற்றமே போய்விடுகிறது. தண்ணீர் கலந்த பெயின்ட் பட்டால் சுவர் வளைவதும் வேறு அச்சில். இந்தக் கோளாறைச் சரிசெய்ய வழியே கிடையாது, ஷீட் குப்பைக்குத்தான். ஃபைலில் ஒவ்வொரு மரப் பாகத்தின் மேலும் ரேகைத் திசைக்கு அம்புக்குறி போட்டு, "திருப்பக் கூடாது" என்று ஆர்டரில் எழுதுங்கள். ஃபைலில் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், வெட்டாத லேயரை ஆபரேட்டர் அணைத்துவிடுவார். அம்புக்குறியை ஷீட்டின் கழிவுப் பகுதியில் செதுக்கும் லேயரிலேயே வையுங்கள். வந்த ஷீட்டில் அது தெரியும், மறுக்க முடியாது.

மூன்றாவது ஒட்டு. ஜன்னல் சட்டங்கள் 0.4 மி.மீ. லேசர்போர்டில் (லேசரில் வெட்டும் அட்டை), பின்னால் ஒட்டும் படலத்துடன், உரித்து ஒட்டும் வகை. நாங்கள் கேட்டது 3எம் 467எம்பி, அல்லது அதற்குச் சமமான சுமார் 0.05 மி.மீ. அக்ரிலிக் படலம். போட்டிருந்தது பெயர் தெரியாத இரட்டைப் பக்க ஒட்டு. வெட்டிய விளிம்பில் பிசின் உருகி மீண்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. உரிக்கும் தாளை இழுத்தால் படலமும் கூடவே வந்துவிடுகிறது. ரப்பர் சார்ந்த ஒட்டு நாளாக ஆக மஞ்சளாகும், வெப்பத்தில் நழுவும்; ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடிக்குப் பதிலாகத் தெளிந்த பெட் (PET) பிளாஸ்டிக் ஷீட் இருக்கும்போது அந்த மஞ்சள் முன்னால் தெரியும். சரக்கு வந்த அன்றே சோதிக்கும் வழி: ஒரு சட்டத்தைப் பெட் ஷீட்டில் ஒட்டி அழுத்தி 72 மணி நேரம் விடுங்கள், அக்ரிலிக் ஒட்டு முழுப் பிடிப்புக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். பிறகு அதை மூடிய டப்பாவில் வைத்து வெயிலில் சில நாள் விடுங்கள். நழுவாமல், ஓரம் எழாமல், நிறம் மாறாமல் இருந்தால் பரவாயில்லை.

வெள்ளைச் சட்டங்களின் ஓரத்தில் பழுப்புக் கறையும் இருந்தது. வெட்டும்முன் மேலே மாஸ்கிங் டேப் ஒட்டாததன் விளைவு. டேப் ஒட்டுவதும் உரிப்பதும் கைவேலை; அவசரத்தில் முதலில் விடுபடுவது அதுதான். ஆர்டரில் தனி வரியாக எழுதுங்கள்.

நான்காவது கெர்ஃப், அதாவது லேசர் எரித்துத் தின்னும் அகலம். மாதிரியில் அது 0.15 மி.மீ. அதற்கேற்ப ஜன்னல் குறுக்குச் சட்டத்தை 0.55 என்று வரைந்தால் வெட்டியபின் 0.4 வரும். மொத்தச் சரக்கில் கெர்ஃப் 0.3, சட்டம் 0.25 ஆகிவிட்டது, மூச்சுவிட்டாலே உடையும். லென்ஸில் புகை படிந்தாலும், கண்ணாடி அழுக்கானாலும், ஃபோகஸ் தவறினாலும், வளைந்த ஷீட்டைத் தட்டையாக்காமல் வெட்டினாலும் இப்படி ஆகும். இதை வாக்குவாதம் இல்லாமல் நிரூபிக்க ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் ஒரு சோதனைப் பட்டை வையுங்கள். 100 மி.மீ. நீளச் செவ்வகம், அதை 10 சம துண்டாக்கும் ஒன்பது குறுக்குக் கோடுகள். வெட்டிய 10 துண்டையும் நெருக்கி அடுக்கி காலிப்பரில் அளந்து, 100-லிருந்து கழித்து, பத்தால் வகுத்தால் கெர்ஃப். 98.5 வந்தால் 0.15. 97 வந்தால் 0.3, சரக்கைத் திருப்பி அனுப்பலாம்.

ஐந்தாவது, கூரை ஷீட் மட்டும் அளவே தப்பு. 160 மி.மீ. இருக்க வேண்டிய கூரை 150. சுவர் நீளம் 148. இருபுறமும் 6 மி.மீ. இறவாணம் நிற்க வேண்டிய இடத்தில் 1 மி.மீ. நின்றது. 150-ஐ 160-ஆல் வகுத்தால் 0.9375. இந்த எண்ணைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிடும்: 90-ஐ 96-ஆல் வகுத்தால் வருவதும் இதுவே. எஸ்விஜி என்ற வகை வரைபட ஃபைலில் அளவு பிக்சலில் இருந்தால், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதைத் திறக்கும் சாஃப்ட்வேரே முடிவு செய்கிறது. இங்க்ஸ்கேப் 0.92 பதிப்புக்கு முன் 90, 0.92 முதல் 96, இல்லஸ்ட்ரேட்டர் 72. யாரோ கூரை ஷீட்டை மட்டும் வேறு கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறார்கள். டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு ஃபைல் வகையிலும் மி.மீ.யா அங்குலமா என்ற குழப்பம் உண்டு, ஆனால் அது 25.4 மடங்கு என்பதால் யாருக்கும் கண்ணில் படாமல் போகாது. ஆறு சதவீதம் சுருங்கினால்தான் ஆபத்து, பார்க்க ஒழுங்காகவே இருக்கும். ஒவ்வொரு ஷீட்டிலும் 50 மி.மீ. அளவுக்கோல் செதுக்குங்கள். 46.9 வந்திருந்தால் மேற்கொண்டு எதையும் அளக்கத் தேவையில்லை.

புகார் அனுப்பியதும் வந்த பதில்களை வரிசையாகச் சொல்லலாம்: முதலில் "படம் அனுப்புங்கள்", பிறகு "படத்தில் ஒன்றும் தெரியவில்லையே", பிறகு "மாடல்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன", கடைசியில் "அடுத்த ஆர்டரில் தள்ளுபடி". மறுவெட்டு என்ற வார்த்தை ஒருமுறையும் வரவில்லை. முழுப் பணமும் போய்விட்டதால் அவருக்கு அவசரமும் இல்லை.

அதனால் பணம் கொடுக்கும் முறையை முதலில் மாற்றுங்கள். "அனுப்பும் முன் மீதி" என்ற நிபந்தனையை ஏற்காதீர்கள். அட்வான்ஸ் பொருள் செலவைத் தாண்ட வேண்டாம். மொத்த வேலை தொடங்கும்போது அதே மெஷினில், அதே கட்டுப் பிளைவுட்டில் வெட்டிய முதல் ஷீட்டை அனுப்பச் சொல்லுங்கள்; அதைப் பூட்டிப் பார்த்தபின் இரண்டாம் தவணை. கடைசித் தவணை சரக்கு வந்து சோதித்த பிறகு. மாதிரியில் இரண்டு செட் வாங்கி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை செட் சோதிப்பது என்பதையும் எழுதுங்கள். சரக்கை மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையில் 151 முதல் 280 வரையுள்ள சரக்குக்குச் சாதாரண நிலையில் 32 மாதிரி. சிறு வியாபாரத்துக்கு இது அதிகமாகத் தோன்றும். அட்டவணையைக் காட்டும்போது மட்டும் எதிர்த்தரப்பு பேரம் பேசுவதில்லை. 32-ஐயும் கட்டின் மேலிருந்து எடுக்காதீர்கள். நல்ல ஷீட்டுகள் மேலேதான் இருக்கும்.

ஆர்டருக்கு முன்பே ஆளை எடைபோட ஒரு கேள்வி இருக்கிறது. "பிவிசி ஃபோம் போர்டை லேசரில் வெட்டித் தருவீர்களா?" என்று கேளுங்கள். தருவேன் என்றால் அங்கே வேலை கொடுக்காதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும்; ஆபரேட்டரின் மூச்சுக்கும் கேடு, மெஷினின் தண்டவாளத்தையும் லென்ஸையும் அரிக்கும். அதை வெட்டும் மெஷினில் துல்லியம் நிலைக்காது. ஸ்டைரீன் பிளாஸ்டிக்கையும் மரம் போலச் சுத்தமாக வெட்டுவேன் என்பவரிடம் ஒரு துண்டு வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், விளிம்பு உருகித் தடித்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

இன்னொன்று ஃபைல். வெட்டுபவரிடம் முழு கிட்டின் ஃபைலும், பூட்டும் படமும் சேர்ந்து போனால் அவர் கையில் விற்கத் தயாரான ஒரு பொருள் இருக்கிறது. பெயரை மாற்றி விற்கும் நகல் கிட்டுகள் இப்படித்தான் உருவாகின்றன. பூட்டும் படத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள். பாகங்களுக்குப் பெயர் வேண்டாம், எண் போதும். முடிந்தால் ஜன்னல் ஷீட்டுகளை ஒருவரிடமும் சுவர் ஷீட்டுகளை இன்னொருவரிடமும் கொடுங்கள். பூட்டியபின் மறையும் ஏதாவது ஒரு நாக்கில் தேவையே இல்லாத 0.7 மி.மீ. வெட்டு ஒன்று வைத்து, தேதியுடன் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒப்பந்தக்காரருக்கும் வேறு இடத்தில் வைத்தால், நகல் சந்தைக்கு வரும் நாளில் எந்தக் கதவு வழியாகப் போனது என்பதும் தெரியும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் எதைக் காப்பாற்றலாம்? தடித்த பிளை என்றால் நாக்குகளை மட்டும் தட்டையான மணல்தாள் கட்டையில் தேய்த்து 1.5-க்குக் கொண்டுவரலாம், ஸ்லாட்டை அகலப்படுத்தினால் கோணம் போய்விடும். உள் தரைப் பலகையைப் புதிய அளவில் வெட்டிக்கொள்ளலாம். மட்டமான ஒட்டுள்ள சட்டங்களின் பின்பக்கம் உரிக்கும் தாளையும் ஒட்டுப் படலத்தையும் எடுத்துவிட்டு, கொஞ்சமாக வெள்ளைப் பசை தடவிச் சுவரில் ஒட்டலாம், கிட் விவரத்தாளில் அதைச் சொல்லிவிட வேண்டும். கறைபட்ட சட்டங்களுக்கு அடர்நிறப் பெயின்ட். ரேகை குறுக்கே போன பாஸ்வுட், சுருங்கிய கூரை, 0.25 சட்டம் இந்த மூன்றையும் விற்காதீர்கள். ஏற்கெனவே விற்றுப்போன பெட்டிகளுக்கு அவர்கள் கேட்கும் முன்பே மாற்று ஷீட்டை ஷீட் எண் போட்டு அனுப்புங்கள். அதன் செலவுக் கணக்கை ரசீதுடன் வெட்டியவருக்கு அனுப்பும் புகாரில் சேருங்கள்.