திட ராக்கெட் மோட்டார்: உள்ளே சென்சாரா, வெளியே எக்ஸ்ரேயா?

ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரி. அதனால் நாகர்கோவில் பக்கம் ராக்கெட் என்றாலே அங்கே நடக்கும் எஞ்சின் சோதனைதான் பேச்சு. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினை அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, அதையே ராக்கெட்டில் ஏற்றலாம். திட எரிபொருள் மோட்டாரில் அது நடக்காது. பற்றவைத்தால் கதை முடிந்தது. எரிக்காமலேயே அதன் நலம் அறிய வேண்டும்.

அந்த எரிபொருள் ஒருவகை செயற்கை ரப்பர். அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் கலந்து வார்த்தது. ரப்பருக்கு வயதாவதை, ரப்பர் தோட்டம் சூழ்ந்த குலசேகரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது வயதாக ஆக இறுகும். வார்த்து ஆறும்போது எஃகு உறையைவிடச் சுமார் பத்து மடங்கு சுருங்கவும் பார்க்கும். விளைவு, எரிபொருளின் நடுவே நீளவாக்கில் விட்ட துளையில் விரிசல். இல்லையென்றால் உறையோடு ஒட்டிய இடம் விட்டுப்போகும். விரிசலுக்குள் தீ புகுந்தால் எரியும் பரப்பு கூடி, அழுத்தம் எகிறி, மோட்டாரே வெடிக்கலாம்.

எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் இரண்டுக்கும் உள்ளே எதையும் நுழைக்க வேண்டாம். ஆனால் கிடைப்பது அன்றைய நிலை மட்டுமே. ஒட்டு விட்டும் இடைவெளியில்லாமல் நெருங்கி நிற்கும் இடம் எக்ஸ்ரேயில் தப்பிவிடும்.

கண்ணாடி இழையில் ஒளி பாய்ச்சி அளக்கும் ஒளியிழைச் சென்சாரைப் பலரும் கொண்டாடுகிறார்கள். மின்சாரம் ஓடாது என்பது வெடிபொருள் பக்கத்தில் பெரிய நிம்மதிதான். ஒரே இழையில் பல இடங்களை அளக்கலாம். ஆனால் 1550 நானோமீட்டர் ஒளியில், இழையின் நீளம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினால், திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் சுமார் 1.2 பிகோமீட்டர் நகரும். ஒரு டிகிரி வெப்பம் கூடினாலே சுமார் 10 பிகோமீட்டர் நகரும். வெப்பத்தைத் தனியே கழிக்காவிட்டால் கணக்கு பிசகும். தவிர, எரிபொருள் ரப்பராக நீளும், கண்ணாடி அவ்வளவு நீளாது. எஃகுக்குப் பதில் நாரைச் சுற்றிச் செய்த மோட்டார் உறைக்கு இது பொருத்தம். எரிபொருளுக்குள் வேண்டாம் என்பேன்.

உறைக்கும் எரிபொருளுக்கும் நடுவே பதிக்கும் தகைவுச் (ஒட்டின்மீது விழும் இழுப்பு, அழுத்தம்) சென்சார் சட்டைப் பொத்தான் அளவுதான். தகைவையும் வெப்பத்தையும் சேர்த்தே சொல்லும். தொல்லையும் உண்டு: கம்பி வெளியே வர வேண்டும், வார்த்தபின் மாற்ற முடியாது, தன்னைச் சுற்றியுள்ள தகைவை அதுவே கொஞ்சம் மாற்றும்.

இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டில் வரும் எஸ்200 திட மோட்டார் மாதிரி, கிடங்கில் பல ஆண்டுகள் தூங்காத மோட்டாருக்கு வெளிச் சோதனையே போதும். வெயிலிலும் குளிரிலும் வருடக்கணக்கில் காத்திருக்கும் ஏவுகணைக்கு என் ஓட்டு பொத்தானுக்குத்தான். வழக்கமாக அங்கே சில மோட்டார்களை அறுத்துப் பார்த்து மற்றவற்றின் ஆயுளை ஊகிப்பார்கள். சென்சார் இருந்தால் ஒவ்வொன்றும் தன் வரலாற்றைத் தானே சொல்லும். நாலைந்துதான் வைக்க முடியுமென்றால் எரிபொருள் முடியும் இரு முனைகளையும் விடக்கூடாது. ஒட்டின்மீது இழுவிசை குவிவது அங்கேதான்.