இறுதியாண்டு புராஜெக்ட்: தமிழ் எழுத்துருவா, பொட்டல வடிவமைப்பா, சுவரெழுத்து ஆவணமா?

கடைசி ஆண்டு தொடங்கியதும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களும் வரைகலை வடிவமைப்பு மாணவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: புராஜெக்டுக்கு எதை எடுக்கலாம்? கேட்கும்போதே மூன்று யோசனைகள் அவர்கள் கையில் இருக்கும். ஒரு தமிழ் எழுத்துரு உருவாக்குவது. ஊரில் ஒரு சிறு தயாரிப்பாளருக்கு லோகோவும் பொட்டலமும் செய்துகொடுப்பது. சுவரிலும் கடைப்பலகையிலும் தூரிகையால் எழுதியவற்றைப் படமெடுத்து நூலாகத் தொகுப்பது. மூன்றும் நல்லவைதான். ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் உழைப்பு வேறு, கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமும் வேறு. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் விடுமுறை, தேர்வு எல்லாம் போகக் கையில் கிடைப்பது நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தை வைத்தே ஒப்பிட வேண்டும்.

நான்காவதாகச் செயலி வடிவமைப்பும் உண்டு. வேலைச் சந்தையில் இன்று அதற்குத்தான் தேவை அதிகம் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உணவு விநியோகச் செயலியை ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் மறுபடி வரைந்து காட்டுவது மாணவர் திறமையைக் கொஞ்சமும் வெளிக்காட்டாது. அந்த நிறுவனம் ஏன் அப்படிச் செய்தது என்ற காரணங்கள் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எழுத்துரு

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மாணவர்கள் மிக அதிகமாகக் கணக்குத் தப்பும் இடம் இது. தமிழில் 247 எழுத்துகள், அத்தனையையும் வரைய வேண்டுமே என்று மிரண்டு ஒதுங்குகிறவர்கள் ஒரு பக்கம். க, ச, ப எனப் பத்து எழுத்தை வரைந்துவிட்டு மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் இன்னொரு பக்கம்.

உண்மையான கணக்கு இது. ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களைத் தனித்தனியாக வரைய வேண்டாம். துணைக்காலையும் கொம்புகளையும் ஐகாரக் குறியையும் வரைந்துவிட்டால் அவை சேர்ந்துகொள்ளும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்திராவிட்டால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள் வரைய வேண்டியிருந்திருக்கும். அந்தச் சுமை இன்று இல்லை. ஆனால் சீர்திருத்தம் உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. கு ஒரு விதமாக வளைகிறது, சு கீழே இறங்குகிறது, து வேறு பக்கம் போகிறது, ரு இன்னொரு விதம். 18 மெய்களுக்கு இரண்டு வரிசை என 36 வடிவங்கள். இகரமும் ஈகாரமும் டி, டீ போன்ற இடங்களில் எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் அவற்றையும் தனியே கவனிக்க வேண்டும். உயிர், ஆய்தம், அகர வரிசை, புள்ளி வரிசை, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் எல்லாம் கூட்டினால் 121. கால், கொம்புகள், ஜ, ஷ, ஸ, ஹ, எண்கள், நிறுத்தக்குறிகள் இதற்கு மேல்.

வரைவதோடு வேலை முடிவதில்லை. ‘கொ’ என்று தட்டச்சு செய்யும்போது முதலில் ககரமும் பிறகு ஒகரக் குறியும் பதிவாகின்றன. பக்கத்தில் கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். அந்த இடமாற்றத்தை எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்கின்றன. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் உலக மொழிகளுக்கான வரி அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறி எழுத்து உடைவதை இந்தத் துறையில் பார்க்காதவர் இல்லை. இன்றும் பல அச்சகங்கள் பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியேற்ற எழுத்துருக்களை விடாமல் வைத்திருப்பதற்கு இந்த அனுபவம் ஒரு காரணம்.

அடுத்த சோதனை ணகரம். மூன்று சுழிகளும் ஒரு நேர்கோடும் அடுத்தடுத்து நிற்கும் எழுத்து அது. மெல்லிய கோட்டில் வரையும்போது அழகாக இருக்கும். தடித்த வடிவுக்குப் போனதும் சுழிகளின் உள்வெளி அடைத்துக்கொண்டு சிறிய அளவில் ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். சுழியைப் பெரிதாக்கினால் எழுத்து அகன்றுபோய், பக்கத்தில் நிற்கும் ரகரம் நோஞ்சானாகத் தெரியும். அந்த ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியவேண்டும் என்பது இன்னொரு தலைவலி. ரகரத்தின் அடியில் சாய்வாக இறங்கும் கோட்டை வெட்டிவிடுகிற எழுத்துருக்களில் வாசகர் ஒரு நொடி தடுமாறுகிறார். இவற்றையெல்லாம் தீர்த்துப் பார்த்த மாணவருக்குத் தமிழ் எழுத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். எனக்கு இந்தப் பாதை பிடித்திருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

முன்மாதிரிகளுக்கும் குறைவில்லை. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் பவனம், கவிவனார் என்ற எழுத்துருக்களைத் தந்திருக்கிறார். மும்பையின் ஏக் டைப் குழு பலூ தம்பியை வெளியிட்டது. எல்லாமே கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த உரிமத்துடன் இருக்கின்றன. இறக்கி, காசில்லாமல் கிடைக்கும் ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் திறந்து, ஒவ்வோர் எழுத்திலும் எத்தனை புள்ளிகள் வைத்து வளைவை முடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கிளிஃப்ஸ் மென்பொருள் வசதியானது, ஆனால் ஆப்பிள் கணினியும் பணமும் வேண்டும்.

என் முடிவு: நூல் முழுக்க வாசிப்பதற்கான எழுத்துருவை ஒரு பருவத்தில் முடிக்க முடியாது. தலைப்புக்கு மட்டும் பயன்படும் ஒரே தடிமன் எழுத்துருவை முடிக்கலாம். அதுவும் கடினம் என்றால் எழுத்தோவியம் இருக்கிறது. ஓவியர் ஆதிமூலம் நூல் அட்டைகளுக்கு வரைந்த எழுத்துகளைப் பாருங்கள். அந்தந்தத் தலைப்புக்கென்றே கையால் வரையப்பட்டவை. பத்துத் தலைப்புகளுக்கு அப்படி வரைவதும் கௌரவமான புராஜெக்ட்தான்; மென்பொருள் நுட்பத்தில் பாதி நேரம் போகாது.

பொட்டலம்

இங்கே நேரம் அழகில் போவதில்லை, மனிதர்களிடம் போகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாயை எடுத்துக்கொள்வோம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று அதற்குச் சொல்வதற்குக் கதையும் உண்டு. ஒரு சிறு தயாரிப்பாளரைப் பிடித்து, “அண்ணாச்சி, உங்கள் பாக்கெட்டைப் புதிதாக வடிவமைத்துத் தருகிறேன்” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். அடுத்து அவர் கேட்பதுதான் பாடம்: “தம்பி, இதை அடிக்க எவ்வளவு ஆகும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எட்டு வண்ணப் பவுச் வரைந்துகொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். பிளாஸ்டிக் பவுச்சை கிராவ்யூர் முறையில் அச்சிட ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். அந்தச் செலவு பெரிய எண்ணிக்கையில் அச்சிட்டால்தான் கட்டுப்படியாகும். சிறு தயாரிப்பாளர் வெற்றுப் பவுச் வாங்கி அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். எனவே உங்களுக்குக் கிடைக்கும் களம் ஒரு ஸ்டிக்கர், இரண்டு வண்ணம். அந்த எல்லைக்குள் நன்றாகச் செய்து காட்டும் மாணவரை எந்த வடிவமைப்பு நிறுவனமும் விடாது. அட்டைப்பெட்டி என்றால் சிவகாசி ஆஃப்செட் அச்சகங்கள் இருக்கின்றன. போய் நின்று தகடு போடுவதையும் மை சேர்ப்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். திரையில் பளிச்சென்ற ஆரஞ்சு, நான்கு வண்ண அச்சில் மங்கி வருவதை அங்கே நேரில் காணலாம்.

சட்டம் கேட்கும் விவரங்களும் லேபிளில் இடம்பிடிக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், சைவ உணவுக்கான பச்சை வட்டம், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, உட்பொருள்கள், முகவரி. இவை எல்லாம் கடைசியில் மூலையில் திணிக்கப்பட்டால் அந்த வடிவமைப்பு தோற்றதென்றே கொள்வேன். முதல் வரைவிலேயே அவற்றுக்கு இடம் வேண்டும். பார்கோடும் அப்படித்தான்: இரு பக்கமும் வெற்றிடம் விடாவிட்டால் படிக்காது. வண்ணம் பிடித்திருக்கிறது என்று கோடுகளைச் சிவப்பில் போட்டால், ஸ்கேனரின் சிவப்பு ஒளியில் அவை வெள்ளைத் தாளிலிருந்து வேறுபட்டே தெரியாது. கடைக்காரர் எண்ணைக் கையால் அடித்துக்கொண்டிருப்பார்.

எழுத்துருவோடு ஒப்பிட்டால் இதில் ஆழம் குறைவு, அகலம் அதிகம். விலை, அச்சு, சட்டம், கடை அலமாரி, வாடிக்கையாளர் எல்லாம் வருகின்றன. முடிந்த பொருளை உண்மையான கடையில் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று போட்டிப் பண்டங்களோடு ஒரு படம் எடுங்கள். மென்பொருளில் செய்த பளபளப்பான மாதிரிப் படங்கள் பத்தைவிட அந்த ஒரு படம் போர்ட்ஃபோலியோவில் அதிகம் பேசும்.

பலவீனம் ஒன்று உண்டு. தயாரிப்பாளரின் அவசரம் உங்கள் கல்லூரி அட்டவணைக்கு ஒத்துவராது. பண்டிகை வந்துவிட்டால் அவர் உங்களிடம் பேசவே மாட்டார். தீபாவளிக்கு முன் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

சுவரெழுத்து ஆவணம்

மூன்றில் மிக எளிது என்று மாணவர்கள் நினைப்பது இதை. கைப்பேசியில் படமெடுத்து அடுக்கினால் நூலாகிவிடும் என்ற எண்ணம். அப்படிச் செய்தால் அது புகைப்படத் தொகுப்பாக மட்டுமே நிற்கும்.

வடிவமைப்பு மாணவர் தேடவேண்டியது எழுதிய முறையை. ஓவியர் எப்படி இடத்தை அளக்கிறார், சுண்ணப்பொடி தடவிய நூலைச் சுவரில் இழுத்துச் சுண்டி எப்படிக் கோடு போடுகிறார், பட்டைத் தூரிகையை எந்த எழுத்தில் எங்கே திருப்புகிறார், ‘நிறுவனம்’ என்ற சொல் பலகையில் அடங்காதபோது எந்த எழுத்தை ஒடுக்குகிறார். இதையெல்லாம் அவரோடு உட்கார்ந்தால்தான் குறிக்க முடியும். பலகையை நேர் எதிரே நின்று, ஓர் அளவுகோலோடு படமெடுக்க வேண்டும். ஊர், தேதி, எழுதியவர் பெயர் ஒவ்வொன்றுக்கும் இருக்க வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் அவர் எழுத்தை நூலில் போடுவது திருட்டு. தில்லியில் ஹனீஃப் குரேஷி தெரு ஓவியர்களின் எழுத்துகளை அவர்கள் பெயரிலேயே டிஜிட்டல் எழுத்துருவாக்கினார். அந்த மரியாதைதான் அளவுகோல்.

இது அவசரமான வேலையும்கூட. டிஜிட்டல் பேனர் வந்தபின் தூரிகை பிடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், இருப்பவர்களுக்கும் வயதாகிறது. ஆராய்ச்சி மனம் உள்ளவருக்கு இதைவிட நல்ல களம் இல்லை. ஆனால் நேர்காணலில் “இதில் நீங்கள் வடிவமைத்தது எது?” என்ற கேள்வி கட்டாயம் வரும். நூலின் பக்க அமைப்பு மட்டும் பதிலாக இருந்தால் போதாது.

யாருக்கு எது

படிப்பு முடிந்த மாதமே வேலைக்குப் போயாக வேண்டிய வீட்டுச் சூழல் உள்ளவருக்குத் தயங்காமல் சொல்வேன்: பொட்டலம். சென்னையிலோ பெங்களூரிலோ விளம்பர நிறுவனத்தில் முதல் நாளே கொடுக்கப்போகும் வேலைக்கு மிக அருகில் இருப்பது அது. சொந்த ஊர் திரும்பி ஸ்டுடியோ வைக்க நினைப்பவருக்கும் அதுவே. முதல் வாடிக்கையாளர் புராஜெக்டிலேயே கிடைத்துவிடுகிறார்.

மேற்படிப்புக் கனவு இருந்தால் கணக்கு மாறுகிறது. ஐஐடிகளின் வடிவமைப்பு முதுகலைக்குச் சீட் (CEED) நுழைவுத்தேர்வும், தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்கு (NID) அதன் தனித்தேர்வும் எழுத வேண்டும். தேர்வு மதிப்பெண்ணைத் தாண்டி நேர்முகத்தில் பேசப்படுவது நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதைப் பற்றித்தான். அங்கே அரைகுறையாக முடிந்த எழுத்துருகூட, சரிவராமல் போன வரைவுகளோடு வைக்கப்பட்டால் நிறையப் பேசும். எழுத்துரு வடிவமைப்பையே முதுகலையாகக் கற்பிக்கும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் வரை போக ஆசை இருப்பவர் வேறெதையும் எடுக்க வேண்டாம். சுவரெழுத்து ஆவணம் ஆய்வுப் பக்கம் போக விரும்புபவருக்கும் எழுதத் தெரிந்தவருக்கும் பொருந்தும். எழுதுவதே பிடிக்காதவர் எடுத்தால் நூல் காலியாக இருக்கும்.

மூன்றில் ஒன்றை மட்டும் எடுக்க மனம் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் விருப்பமான வழியும் அதுதான். ஊரில் ஒரே ஓர் ஓவியரைப் பிடியுங்கள். அவர் எழுதும் முறையை இரண்டு வாரம் கூட இருந்து குறித்துக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்தின் இயல்பில், அவர் சம்மதத்தோடும் ஊதியத்தோடும், ஒரு கடைப்பெயருக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் வரையுங்கள். அதே தெருவில் முறுக்கோ மிட்டாயோ செய்பவரின் ஸ்டிக்கரில் அதைப் பயன்படுத்துங்கள். பதினைந்து எழுத்துக்குள் வேலை முடிந்துவிடும், ஆனால் ணகரச் சுழியும் சிலிண்டர் செலவும் தூரிகைத் திருப்பமும் மூன்றும் கைக்கு வந்திருக்கும்.

தலைப்பைப் பதிவு செய்யும்போது மட்டும் கவனமாக இருங்கள். ‘தமிழ் எழுத்துரு வடிவமைப்பு’ என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் தேர்வாளர் 247-ஐயும் கேட்பார். ‘கடைப்பலகைகளுக்கான ஒற்றைத் தடிமன் தலைப்பு எழுத்துரு, தமிழ் மட்டும்’ என்று எல்லையைத் தலைப்பிலேயே எழுதி, நெறியாளரின் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.