கூகுள் ஸ்காலர் பக்கம்: தேடக் கெட்டி, எடைபோட மட்டம்

ஒரு தாவர விஞ்ஞானி இதுவரை என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க இன்று எல்லோரும் முதலில் திறப்பது அவருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்தைத்தான். ஆய்வுக்கு நெறியாளர் தேடும் மாணவரும் அதைத்தான் பார்க்கிறார், நேர்காணல் குழுவும் அதைத்தான் பார்க்கிறது. ஆய்வுக் கட்டுரைகளுக்கென்று கூகுள் நடத்தும் இந்தத் தேடுபொறி 2004-இல் வந்தது. தனிநபர் பக்கங்கள் 2011-இல் சேர்ந்தன. காசு கிடையாது. ஆய்விதழ் கட்டுரையோடு நிற்காமல் நூல், ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுதி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது. நல்லதும் அதுதான், வம்பும் அதுதான்.

பக்கம் தொடங்குவது எளிது. பெயர், நிறுவனம், நிறுவன மின்னஞ்சல், ஐந்து வரை ஆய்வுத் துறைச் சொற்கள் கொடுத்தால் போதும். அடுத்ததாக உங்கள் பெயரில் கிடைக்கும் கட்டுரைகளைக் கட்டுக்கட்டாக நீட்டும். இங்கே அவசரப்பட்டு மொத்தத்தையும் ஏற்றுக்கொள்வதுதான் பெரும்பாலான பக்கங்கள் கெடுவதற்குக் காரணம். கடைசியாக, புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கவா, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கவா என்று ஒரு கேள்வி வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலெழுத்தும் பெயருமாக எழுதும் நம்மவர்களுக்கு இது கட்டாயம். ‘எஸ். குமார்’ என்ற பெயரில் நெல் மரபியலும் இருக்கும், இதய அறுவை சிகிச்சையும் இருக்கும். தானியங்கியாக விட்டால் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து உட்காரும்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. ஒரே கட்டுரை இரண்டு வடிவில் நுழைந்தால் சைட்டேஷன் எண்ணிக்கை, அதாவது பிற கட்டுரைகள் அதை மேற்கோளாகக் காட்டிய கணக்கு, பிரிந்து கிடக்கும். இரண்டின் பெட்டியிலும் டிக் அடித்து ‘மெர்ஜ்’ கொடுத்தால் ஒன்றாகிவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அந்தக் கூட்டலில் வேறு கட்டுரையின் கணக்கும் கலந்திருக்கலாம் என்று பொருள். பிறர் பக்கத்தைப் படிக்கும்போது இந்தக் குறியைத் தவறவிடாதீர்கள்.

வலப்பக்கப் பெட்டியில் மூன்று எண்கள்: மொத்த சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ், ஐ10. எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் 40, 12, 5, 4, 2 முறை காட்டப்பட்டிருந்தால், நான்கு கட்டுரைகள் தலா நான்கு முறையாவது காட்டப்பட்டிருப்பதால் அவருடைய எச் 4. பத்தும் அதற்கு மேலும் பெற்றவை இரண்டு என்பதால் ஐ10 எண் 2. முதல் கட்டுரை 4,000 முறை காட்டப்பட்டாலும் எச் அதே 4-தான். தன்னைத் தானே காட்டிக்கொண்டதைக் கழிக்கும் வசதி இங்கே இல்லை, ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உண்டு. 2010-இல் சிரில் லபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கணினி நிரல் எழுதித் தள்ளிய வெற்றுக் கட்டுரைகளை ஒன்றையொன்று காட்டவைத்து, இல்லாத ஒரு விஞ்ஞானிக்கு ஸ்காலர் கணக்கில் 94 என்ற எச்-இண்டெக்ஸை வரவழைத்தார். இந்த வாசலுக்குக் காவல் எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துபோனது.

தாவர அறிவியலில் இந்த எண்கள் சறுக்கும் விதம் தனி. இலையின் பச்சையமான குளோரோஃபிலை அளப்பவர்கள் பலரும் காட்டும் கட்டுரை ஆர்னன் 1949-இல் எழுதியது. 80 சதவீத அசிட்டோனில் சாறெடுத்து, 645, 663 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்துச் சமன்பாட்டில் போடுவது முறை. அந்தச் சமன்பாட்டுக்கு அடிப்படையான குணகங்களில் பிழை இருப்பதை 1989-இல் போராவும் உடன் ஆய்வாளர்களும் காட்டி, புதிய சமன்பாடுகளையும் கொடுத்தார்கள். பழையதில் குளோரோஃபில் ஏ, பி இரண்டுக்கும் உள்ள விகிதம் பிசகும். ஆனாலும் பழைய கட்டுரைக்கு சைட்டேஷன் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பலர் பயன்படுத்துகிறார்கள் என்பதை அந்த எண் சொல்லும். சரியானது என்று சொல்லாது.

இதற்கு நேர்மாறானது முராஷிகே, ஸ்கூக் இருவரின் 1962 கட்டுரை. புகையிலைத் திசுவை வேகமாக வளர்க்க அவர்கள் வகுத்த ஊடகம்தான் இன்று திசு வளர்ப்புக் கூடங்களில் ‘எம்.எஸ். மீடியம்’. லிட்டருக்கு 1,650 மில்லிகிராம் அம்மோனியம் நைட்ரேட், 1,900 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட் என்ற அளவு வாய்ப்பாடமாகிவிட்டது. இப்போது பொடியாகவே பாக்கெட்டில் வருகிறது. விளைவு, ‘எம்.எஸ். ஊடகத்தில் வளர்த்தோம்’ என்று எழுதிவிட்டு மூலக் கட்டுரையைக் காட்டாமலே கடந்துபோகிறார்கள். ஏகப்பட்ட சைட்டேஷன் பெற்ற கட்டுரைதான். உண்மையான பயன்பாடோ அதையும் தாண்டியது. வகைப்பாட்டியலாளர் நிலை இன்னும் பாவம். நெல்லின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அதைச் சூட்டிய லின்னேயஸைக் குறிக்கும் ‘எல்.’ ஒவ்வொரு கட்டுரையிலும் வரும். அந்தப் பெயர் வெளியான அவருடைய 1753 நூல் துணைநூல் பட்டியலில் வருவது அபூர்வம்.

மறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே பக்கமே கிடையாது. தாவரவியலாளர் ஜானகி அம்மாள், டார்லிங்டன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1945-இல் வெளியிட்ட பயிர்த் தாவரக் குரோமோசோம் அட்டவணை நூலைத் தேட வேண்டுமானால், ‘அட்வான்ஸ்டு சர்ச்’ திறந்து ஆசிரியர் பெட்டியில் பெயரை இடவேண்டும். இணைக்குறியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, முதலெழுத்துகளோடு ஒருமுறை. ஒரே தேடலில் எல்லாம் வந்துவிடும் என்று நம்பவேண்டாம்.

இந்தச் சேவையில் உண்மையிலேயே விலைமதிப்பற்றது ‘சைட்டட் பை’ இணைப்பு, அதாவது ஒரு கட்டுரையைக் காட்டிய பிற கட்டுரைகளின் பட்டியல். அதைத் தட்டி, மேலே உள்ள ‘காட்டிய கட்டுரைகளுக்குள் தேடு’ பெட்டியில் டிக் வைத்து ஒரு சொல்லைக் கொடுங்கள். வறட்சி தாங்கும் மரபணு பற்றிய கட்டுரை என்றால், ‘வயல் சோதனை’க்கான ஆங்கிலச் சொல்லை இட்டுப் பாருங்கள். தொட்டிச் செடியோடு நின்றதா, வயலுக்குப் போனதா என்பது பத்து நிமிடத்தில் பிடிபடும். அந்தப் பட்டியலில் அதிகம் காட்டப்பட்ட ஐந்து கட்டுரைகளையாவது திறந்து, அறிமுகப் பத்தியில் போகிறபோக்கில் காட்டியிருக்கிறார்களா, செய்முறையாக எடுத்துக்கொண்டார்களா, முடிவை மறுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மறுப்பும் இங்கே ஒரு சைட்டேஷன்தான். அடுத்து, விஞ்ஞானியின் பக்கத்துக்குத் திரும்பி அவருடைய கட்டுரைப் பட்டியலை ஆண்டு வாரியாக மாற்றுங்கள். பழைய ஒரே கட்டுரையின் புண்ணியத்தில் எண் ஏறுகிறதா, வேலை தொடர்கிறதா என்பது அப்போது தெரியும்.

பட்டியலை சி.எஸ்.வி. (அட்டவணைக் கோப்பு), பிப்டெக்ஸ் (துணைநூல் பட்டியல் கோப்பு) வடிவங்களில் இறக்கிக்கொள்ளலாம்; சொந்தப் பக்கமென்றால் ஆண்டுக்கொருமுறை இறக்கி, உங்களுடையது அல்லாததை நீக்கிவிடுங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் ஆர்கிட் அடையாள எண்ணும் எடுத்துவைத்தால் பெயர்க் குழப்பம் பாதி தீரும்.

பயிர்ப் பெருக்க வல்லுநரை மட்டும் இதை வைத்து அளக்கவே கூடாது. கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் காட்டுக் கரும்பைக் கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918-இல் வெளியானது. ரகத்துக்கு சைட்டேஷன் விழாது. அவர்கள் விஷயத்தில் கேட்க வேண்டியது வெளியிட்ட ரகங்களின் பட்டியலையும், பிற்கால ரகங்களின் வம்சாவளிப் பதிவுகளையும்.